ஆஸ்துமா மருந்து ஆய்வில் சேரலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்துமாவுக்கும், லூபஸ் மாதிரி நோயெதிர்ப்பு மண்டலம் தடம் மாறுவதால் வரும் நோய்களுக்கும் புது மருந்துகளைச் சோதிக்கிறார்கள் இல்லையா, அந்த கிளினிகல் டிரயல்களைப் பற்றி நோயாளிகளும் வீட்டாரும் கேட்கும் கேள்விகள் இவை. ஆஸ்துமாவைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறேன். சேர்வதா வேண்டாமா என்பதை உங்கள் டாக்டரிடம் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

"ஒரு ஸ்டடி நடக்குது, சேர்றீங்களா" என்று டாக்டர் கேட்டார். இது எனக்கான சிகிச்சைதானே?

இல்லை. இதை முதலிலேயே மனசில் போட்டுக்கொள்ளுங்கள். சிகிச்சை என்றால் டாக்டர் உங்களைப் பார்த்து, உங்களுக்குத் தகுந்த மாதிரி மருந்தையும் அளவையும் மாற்றுவார். ஆய்வில் எந்த மருந்து, எத்தனை வாரத்துக்கு ஒருமுறை, எப்போது ரத்தம் எடுப்பது என்பதெல்லாம் முன்பே எழுதி வைத்த திட்டப்படி நடக்கும். புது மருந்து யாருக்கு, பழையது யாருக்கு என்பதைக் குலுக்கல் முறையில் கம்ப்யூட்டர் தீர்மானிக்கும், பெரும்பாலான பெரிய ஆய்வுகளில் உங்கள் டாக்டருக்கே அது தெரியாது. ஒரு கேள்விக்கு விடை தேடுவதுதான் ஆய்வின் வேலை. அந்த விடையால் பலன் அடைபவர்கள் பெரும்பாலும் உங்களுக்குப் பின்னால் வரும் நோயாளிகள். உங்களுக்கும் பலன் கிடைக்கலாம். ஒன்றுமில்லாவிட்டாலும், இன்ஹேலரைச் சரியாக இழுக்கிறீர்களா என்று ஒருவர் நின்று பார்ப்பார், அதுவே நம்மில் பலருக்கு நடக்காத காரியம். ஆனால் "இந்த ஸ்டடியில் சேர்ந்தால் கண்டிப்பாகக் குணமாகிவிடும்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்படியென்றால் நாங்கள் சோதனை எலியா?

கேள்வி நியாயமானதுதான், கோபப்பட ஒன்றுமில்லை. பொதுவாக ஒரு மருந்து மூன்று கட்டங்களைத் தாண்டிய பிறகுதான் கடைக்கு வரும். முதல் கட்டத்தில் சில பத்துப் பேருக்குக் கொடுத்து உடம்பு அதைத் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள், அவர்கள் பெரும்பாலும் நோயில்லாத தன்னார்வலர்கள். இரண்டாவது கட்டத்தில் நோயாளிகளிடம் வேலை செய்கிறதா, எந்த அளவு சரி என்று பார்ப்பார்கள். மூன்றாவதில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஆட்களைச் சேர்த்து, இருக்கிற சிகிச்சையோடு ஒப்பிடுவார்கள். விற்பனைக்கு வந்த பிறகும் கண்காணிப்பது நான்காவது. உங்கள் நுரையீரல் டாக்டர் உங்களிடம் கேட்பது பெரும்பாலும் மூன்றாம் கட்டமாகத்தான் இருக்கும், ஆனாலும் எத்தனையாவது கட்டம் என்று வாய்விட்டுக் கேளுங்கள், ஆபத்தின் அளவு அதைப் பொறுத்தது.

முதல் கட்டம் எவ்வளவு விபரீதமாகப் போகலாம் என்பதற்கு லண்டன் நார்த்விக் பார்க் சம்பவத்தைச் சொல்வார்கள். 2006 மார்ச்சில் டிஜிஎன்1412 என்ற ஆன்டிபாடி மருந்தை (உடம்பின் எதிர்ப்புப் புரதம் மாதிரி ஆய்வகத்தில் செய்தது) முதன்முதலாக மனிதர்களுக்கு ஏற்றினார்கள். முடக்குவாதத்துக்கும் ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கும் உதவும் என்ற நம்பிக்கை. மருந்து ஏற்றப்பட்ட ஆறு பேருக்கும் சில மணி நேரத்துக்குள் நோயெதிர்ப்பு மண்டலம் கொந்தளித்து, உறுப்புகள் ஒவ்வொன்றாகப் பாதிக்கப்பட்டு, ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். விலங்குகளிடம் இப்படி எதுவும் தெரியவில்லை. எல்லோரும் உயிர் பிழைத்தார்கள். எனக்கு இதில் ஆறாதது என்னவென்றால், ஆறு பேருக்கும் சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து ஏற்றியிருக்கிறார்கள், முதல் ஆளுக்கு என்ன ஆகிறது என்று பொறுத்துப் பார்த்திருந்தால் மற்ற ஐந்து பேர் தப்பியிருப்பார்கள். அதற்குப் பிறகு ஐரோப்பாவில் விதிகளைத் திருத்தினார்கள். முதலில் ஒருவருக்கு மட்டும் கொடுத்து, காத்திருந்து பார்த்த பிறகே அடுத்தவருக்கு என்பது இப்போது வழக்கமாகிவிட்டது.

எனக்கு வெறும் டம்மி மருந்து கொடுத்துவிட்டால்?

கொடுக்கலாம். அதை மறைக்க மாட்டார்கள், ஒப்புதல் படிவத்திலேயே இருக்கும். ஆனால் ஆஸ்துமாவில் பொதுவாக உங்கள் வழக்கமான இன்ஹேலர் தொடரும், அதன் மேல்தான் ஊசியோ டம்மி ஊசியோ சேர்ப்பார்கள். வழக்கமான மருந்தை நிறுத்தச் சொல்கிறார்கள் என்றால், ஏன், எத்தனை நாள், இளைப்பு கூடினால் என்ன ஏற்பாடு என்று குடைந்து கேளுங்கள்.

சரி, டம்மி எதற்கு? அமெரிக்காவில் பாஸ்டன் மருத்துவர்கள் 2011இல் ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டார்கள், ஆஸ்துமா உள்ள எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஒரே நோயாளிகளுக்கு வெவ்வேறு நாட்களில் நிஜ இன்ஹேலர், டம்மி இன்ஹேலர், பொய் அக்குபங்சர், எதுவுமே இல்லை என்று நான்கு விதமாகச் செய்து பார்த்தார்கள். "எவ்வளவு தேவலாம்?" என்று கேட்டதற்கு நிஜ இன்ஹேலருக்கு 50 சதவீத முன்னேற்றம் என்றார்கள், டம்மி இன்ஹேலருக்கு 45, பொய் அக்குபங்சருக்கு 46. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி கருவியில், நிஜ மருந்து போட்டபோது மூச்சின் அளவு 20 சதவீதம் கூடியிருந்தது, மற்ற மூன்றிலும் சுமார் 7 தான்.

அதாவது நெஞ்சு லேசானது போலத் தோன்றும், மூச்சுக்குழாய் அப்படியே சுருங்கிக் கிடக்கும். ஆஸ்துமாவில் இது உயிருக்கே ஆபத்தான ஏமாற்றம். அதனால்தான் நோயாளி சொல்வதோடு நிறுத்தாமல் ஊதச் சொல்கிறார்கள், ரத்தம் எடுக்கிறார்கள், டம்மியோடு ஒப்பிடுகிறார்கள்.

ஹைதராபாத் மீன் மருந்தில் எத்தனையோ பேருக்குக் குணமாகியிருக்கிறதே, அதற்கு என்ன ஆய்வு வேண்டும்?

மேலே உள்ள பதிலை இன்னொரு தடவை படியுங்கள். ஜூன் மாதம் மிருகசீரிடக் கார்த்தி என்ற நாளில், ஆஸ்துமாவுக்கென்று உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் மருந்தை வைத்து விழுங்கக் கொடுக்கிறார்கள், ஆயிரக்கணக்கில் கூட்டம் போகிறது, திரும்பி வந்து தேவலாம் என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஆஸ்துமா தானாகவே ஏறி இறங்கும் நோய், மோசமாக இருக்கும்போதுதான் நாம் மருந்தைத் தேடிப் போவோம், அதன் பிறகு இறங்குவது இயல்பு. மருந்தால் இறங்கியதா, தானாக இறங்கியதா என்று ஒப்பிட ஆள் இல்லாமல் சொல்லவே முடியாது.

நாட்டு மருந்து என்பதால் யாரும் சோதிக்கவில்லை என்பதும் தவறு. நம் வேலிகளில் படரும் நஞ்சறுப்பான் கொடியை டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிலையத்தில் சிவ்புரியும் அவர் குழுவினரும் 1960களிலேயே முறைப்படி, யாருக்கு எது என்று மறைத்து, ஆஸ்துமாவுக்குச் சோதித்தார்கள். 1969இல் வெளியான முடிவு நம்பிக்கை தந்தது, கூடவே குமட்டலும் வாய்ப்புண்ணும் வந்தன. பத்து வருடம் கழித்து வந்த இன்னொரு ஆய்வில் டம்மியைவிட மேலாக எதுவும் தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு இலையைப் பறித்து மெல்லக் கிளம்பிவிடாதீர்கள்.

பயலாஜிக் ஊசி என்கிறார்களே, அது என்ன? எல்லா ஆஸ்துமாவுக்கும் போடலாமா?

ஆஸ்துமாவைத் தூண்டும் ஒரு குறிப்பிட்ட புரதத்தைக் குறிவைத்துத் தடுக்கும் ஆன்டிபாடி ஊசி அது. எல்லோருக்கும் போட முடியாது. ஏன் என்பதுதான் ஆஸ்துமா ஆராய்ச்சியிலேயே எனக்கு மிகப் பிடித்த கதை, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஆஸ்துமா உள்ள பலருக்கு மூச்சுக்குழாயில் ஈயோசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் குவிந்திருக்கும். அவற்றை வளர்த்துவிடுவது இன்டர்லூக்கின்-5 என்ற புரதம். அந்தப் புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆன்டிபாடிதான் மெபொலிசுமாப். 2000இல் இதைச் சோதித்தபோது ரத்தத்தில் ஈயோசினோஃபில் மளமளவென்று குறைந்தது, ஆனால் ஆஸ்துமாவில் ஒரு மாற்றமும் இல்லை. 2007இல் 362 பேரிடம் சோதித்த முடிவு வெளிவந்தது, அப்போதும் அதே கதை. இந்த மருந்து தேறாது, ஈயோசினோஃபிலுக்கும் ஆஸ்துமாவுக்கும் சம்பந்தமே இல்லையோ என்றுகூடப் பேச ஆரம்பித்தார்கள்.

இங்கிலாந்தில் லெஸ்டரிலும் கனடாவில் ஹாமில்டனிலும் இருந்த இரண்டு குழுக்கள் வேறு மாதிரி யோசித்தன. ஆஸ்துமா என்று பெயர் இருக்கிற எல்லோரையும் சேர்க்காமல், சளியில் ஈயோசினோஃபில் உண்மையிலேயே அதிகமாக இருக்கிறவர்களை, அதுவும் ஸ்டீராய்டு போட்டும் அடங்காதவர்களை மட்டும் தேடிச் சேர்த்தார்கள். லெஸ்டரில் 61 பேர், ஹாமில்டனில் வெறும் 20 பேர். 2009இல் இரண்டு முடிவுகளும் ஒரே மருத்துவ இதழில் ஒன்றாக வந்தன. லெஸ்டரில் ஒரு வருடத்தில் கடுமையான தாக்குதல்கள் சராசரியாக 3.4 இருந்த இடத்தில் 2.0 ஆகின. ஹாமில்டனில் ஸ்டீராய்டு மாத்திரையின் அளவைக் குறைக்க முடிந்தது. பிறகு 2012இலும் 2014இலும் நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளில் தாக்குதல்கள் சுமார் பாதியாகக் குறைந்து, 2015 நவம்பரில் அமெரிக்காவில் மருந்துக்கு அனுமதி கிடைத்தது.

மருந்து அதேதான். சேர்த்த ஆட்கள்தான் வேறு. யாரைச் சேர்த்தோம் என்பதைப் பொறுத்து ஒரே மருந்து உபயோகமற்றதாகவும் தெரியும், உயிர் காப்பதாகவும் தெரியும். ஆகவே எந்த ஆய்வைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் "யாரிடம் சோதித்தார்கள், அவர்கள் என்னை மாதிரி ஆட்களா?" என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி.

இன்று இந்த வரிசையில் பல மருந்துகள் இருக்கின்றன. அலர்ஜிக்குக் காரணமான ஐஜிஇயைத் தடுக்கும் ஓமலிசுமாப் 2003லேயே வந்துவிட்டது. பென்ராலிசுமாப், டுபிலுமாப், டெசெபெலுமாப் எல்லாம் பிறகு வந்தவை. உங்கள் ரத்த ஈயோசினோஃபில் எண்ணிக்கை, ஐஜிஇ அளவு, வருடத்தில் எத்தனை முறை ஸ்டீராய்டு மாத்திரை வரை போனீர்கள் என்பதையெல்லாம் பார்த்துத்தான் டாக்டர் எது என்று முடிவு செய்வார். மாத்திரை இல்லாமல் இன்ஹேலரிலேயே அடங்கிவிடும் சாதாரண ஆஸ்துமாவுக்கு இவை எதுவும் தேவையே இல்லை.

செய்தியில் "தாக்குதல் 56 சதவீதம் குறைந்தது" என்று போடுகிறார்கள். நம்பலாமா?

சதவீதத்தை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள், எண்ணிக்கையைத் தேடுங்கள். டெசெபெலுமாப் ஆய்வில் 1,061 பேர் சேர்ந்தார்கள். டம்மி ஊசி போட்டவர்களுக்கு வருடத்தில் சராசரியாக 2.10 தாக்குதல், மருந்து போட்டவர்களுக்கு 0.93. வருடத்துக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர் ஒரு தடவை நிற்கிறார் என்று புரிந்துகொள்ளலாம். கடுமையான ஆஸ்துமா உள்ளவருக்கு அது பெரிய விஷயம். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை இளைப்பு வருகிறவருக்கு அந்த 56 சதவீதத்தால் கையில் கிடைப்பது சொற்பம்.

புது மருந்தை விடுங்கள். தினமும் போடும் இன்ஹேலரில் ஆய்வால் ஏதாவது மாறியதா?

மாறியது, பெரிதாகவே மாறியது. ஆனால் நம்மூரில் இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை. மூச்சு முட்டினால் சால்பியூட்டமால், அதாவது ஆஸ்தலின் என்று மெடிக்கல் கடையில் கேட்டு வாங்குகிறோமே அதை மட்டும் இழுத்துக்கொள்வது பல பத்தாண்டுப் பழக்கம். அது குழாயை விரிக்கும், உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடாது. 2018இல் வெளியான சிக்மா ஆய்வுகளில் ஒன்றில் லேசான ஆஸ்துமா உள்ள 3,849 பேரைச் சேர்த்தார்கள். தேவைப்படும்போது மட்டும், அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டான பியூடசொனைடும் குழாயை விரிக்கும் ஃபார்மொட்டராலும் கலந்த இன்ஹேலரை இழுத்தவர்களுக்கு, வெறும் விரிப்பானை இழுத்தவர்களைவிடக் கடுமையான தாக்குதல் 64 சதவீதம் குறைவு. 2019இல் உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜினா, விரிப்பானை மட்டும் தனியாக நம்பியிருக்க வேண்டாம் என்று மாற்றிச் சொன்னது. நீங்கள் இன்னும் ஆஸ்தலினோடு மட்டும் காலம் தள்ளுகிறீர்கள் என்றால் ஆய்வில் சேர்வதற்கு முன்னால் இதை டாக்டரிடம் கேளுங்கள்.

இவ்வளவு சோதித்தும் ஆபத்து வருமா?

வரும். சால்மெட்டரால் கதையைப் பாருங்கள். நீண்ட நேரம் குழாயை விரித்து வைக்கும் மருந்து அது. 1996இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆய்வில் 26,000க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள், 2003இல் அதைப் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. ஆஸ்துமாவால் இறந்தவர்கள் சால்மெட்டரால் பக்கம் 13 பேர், டம்மி பக்கம் 3 பேர். எண்ணிக்கை சிறியதுதான், ஆனால் இவ்வளவு பெரிய ஆய்வு நடத்தாமல் அது கண்ணில் பட்டிருக்கவே செய்யாது. உள்ளிழுக்கும் ஸ்டீராய்டோடு சேர்த்துப் போட்டால் அந்த ஆபத்து தெரியவில்லை என்று பிறகு நடந்த ஆய்வுகள் காட்டியதால், கலவை இன்ஹேலர்கள் மேல் இருந்த கடும் எச்சரிக்கையை 2017 டிசம்பரில் அமெரிக்க அரசு எடுத்துவிட்டது.

அலட்சியத்தால் வந்த ஆபத்தும் உண்டு. 2001இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், ஆஸ்துமா எப்படி உண்டாகிறது என்று அறிவதற்கான ஓர் ஆய்வில் ஹெக்சாமெத்தோனியம் என்ற பழைய மருந்தை முகரக் கொடுத்தார்கள், நோயே இல்லாத ஒரு இளம் தன்னார்வலர் நுரையீரல் கெட்டு இறந்தார். அந்த மருந்து நுரையீரலைக் கெடுக்கும் என்று 1950களிலேயே எழுதியிருந்தார்கள். அதைத் தேடிப் படிக்காமல் விட்டுவிட்டார்கள்.

இந்தியாவில் சட்டம் என்ன பாதுகாப்பு தருகிறது?

புதிய மருந்துகள் மற்றும் கிளினிகல் டிரயல் விதிகள் 2019 என்று இருக்கிறது. அதன்படி ஒரு நெறிமுறைக் குழு ஒப்புக்கொள்ளாமல் ஆய்வைத் தொடங்க முடியாது, அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர், அதில் பாதிப்பேராவது அந்த ஆஸ்பத்திரியைச் சேராதவர்களாக இருக்க வேண்டும், மருத்துவம் படிக்காத ஒரு சாதாரண ஆளும் இருக்க வேண்டும். ஆய்வால் உடம்புக்கு ஏதாவது வந்தால் செலவில்லாமல் வைத்தியம் பார்க்க வேண்டும், காயமோ மரணமோ ஆய்வால்தான் என்று தெரிந்தால் நஷ்டஈடு தர வேண்டும். மோசமான விளைவு எதுவானாலும் ஆய்வு நடத்தும் டாக்டர் 24 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். ஆய்வு மருந்துக்கும் பரிசோதனைகளுக்கும் உங்களிடம் காசு கேட்கக் கூடாது. பஸ் செலவு, வேலை இழப்புக்கு ஏதாவது தருவார்கள், அது எவ்வளவு என்பதும் குழு பார்த்து ஒப்புக்கொண்டதாக இருக்கும்.

கிளினிகல் டிரயல் என்றாலே வெளிநாட்டுக் கம்பெனி சமாச்சாரம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். காசநோயாளிகளை சானடோரியத்தில் படுக்க வைக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று 1950களின் கடைசியில் உலகத்துக்கு நிரூபித்தது நம் சென்னையில், இன்று சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய ஆய்வுதான்.

குழந்தைக்கு வீசிங். குழந்தையைச் சேர்க்கலாமா?

பெற்றோர் எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும். அதோடு, 7 வயதுக்கு மேல் குழந்தையிடமும் வாய்மொழியாகச் சம்மதம் கேட்க வேண்டும், 12 வயதுக்கு மேல் அதுவும் எழுத்தில். பிள்ளை வேண்டாம் என்று அழுதால் விட்டுவிடுங்கள்.

எனக்கு நோய் இருக்கிறது, சேரவும் தயார். ஆனாலும் தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களே?

உங்கள் மேல் குறை எதுவும் இல்லை. சிகரெட் பிடித்தவர், வேறு நுரையீரல் நோய் இருப்பவர், கர்ப்பிணி, சமீபத்தில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர் என்று கழித்துக்கொண்டே போவார்கள். நியூசிலாந்தில் ஊருக்குள் இருக்கும் சாதாரண ஆஸ்துமா நோயாளிகளை எடுத்துக்கொண்டு, சிகிச்சை வழிகாட்டிகளுக்கு அடிப்படையான பெரிய ஆய்வுகளில் இவர்களில் எத்தனை பேர் சேர்ந்திருக்க முடியும் என்று கணக்குப் போட்டார்கள். 2007இல் வந்த விடை: பாதிக்குப் பாதி ஆய்வுகளில் 4 சதவீதமோ அதற்கும் குறைவோதான். மீதிப் பேருக்கு மருந்து எப்படி வேலை செய்யும் என்பது பாதி ஊகம். மெபொலிசுமாப்பில் பார்த்த அதே விஷயம்தான், இங்கே எதிர்ப்பக்கம்: ஆட்களைச் சலித்து எடுத்தால் விடை தெளிவாகக் கிடைக்கும், ஆனால் யாருக்கான விடை என்பது சுருங்கிவிடும்.

லூபஸ், டைப் 1 சர்க்கரை மாதிரி நோய்களில் என்ன நடக்கிறது?

சுவாரஸ்யமாக நிறைய. ஜெர்மனியில் எர்லாங்கன் மருத்துவர்கள், புற்றுநோய்க்குப் பயன்படும் கார்-டி செல் முறையை (நோயாளியின் நோயெதிர்ப்பு அணுக்களை எடுத்து, மாற்றி, திரும்ப ஏற்றுவது) லூபஸ் முதலிய நோய்கள் உள்ள 15 பேருக்குச் செய்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். லூபஸ் இருந்த எட்டுப் பேரும் மற்ற மருந்துகளை விட்டுவிட்டு நோய் அடங்கி இருந்தார்கள். ஆனால் 15 பேர்தான், ஒப்பிட எதிர் அணி இல்லை, இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று பார்க்க வேண்டும். டைப் 1 சர்க்கரையில் டெப்லிசுமாப் என்ற ஆன்டிபாடி, நோய் வரப்போகிறது என்று ரத்தத்தில் தெரிந்தவர்களுக்கு அது வருவதைச் சராசரியாக இரண்டு வருடம் தள்ளிப்போட்டது. 2022இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்துவிட்டது.

நடுவில் பிடிக்கவில்லை என்றால் விலகலாமா? முடிந்த பிறகு மருந்து கிடைக்குமா?

எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, அதற்காக வழக்கமான வைத்தியத்தை யாரும் நிறுத்தவும் கூடாது. சொல்லாமல் கொள்ளாமல் மட்டும் நின்றுவிடாதீர்கள், குறிப்பாக ஸ்டீராய்டு சம்பந்தப்பட்டிருந்தால் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

முடிந்த பிறகு மருந்து கிடைப்பதுதான் சிக்கல். வேறு சிகிச்சை இல்லாத நிலையில், டாக்டர் பரிந்துரைத்து நெறிமுறைக் குழுவும் ஒப்புக்கொண்டால் இலவசமாகத் தொடர்ந்து தர விதியில் இடம் இருக்கிறது. ஆஸ்துமாவில் "வேறு சிகிச்சை இல்லை" என்று காட்டுவது லேசில்லை. பயலாஜிக் ஊசியின் விலை நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது, ஒரு வருடம் நன்றாக மூச்சுவிட்டுவிட்டு மறுபடி பழைய நிலைக்குத் திரும்புவது எவ்வளவு வேதனை என்று யோசித்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இதைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஒரு ஆய்வு நிஜமானதுதானா என்று எப்படிச் சரிபார்ப்பது?

சிடிஆர்ஐ என்ற இந்திய கிளினிகல் டிரயல் பதிவேடு 2007இல் தொடங்கியது, 2009 ஜூனிலிருந்து பதிவு கட்டாயம். அதன் இணையதளத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். உங்களிடம் சொல்லப்படும் ஆய்வின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அதில் இந்த ஆஸ்பத்திரி பெயர் இருக்கிறதா, எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள், எதை வைத்து வெற்றி என்று அளக்கப்போகிறார்கள் என்று பாருங்கள். எண் இல்லை, அப்புறம் தருகிறோம் என்றால் கையெழுத்தையும் அப்புறம் போட்டுக்கொள்ளலாம். தமிழில் ஒப்புதல் படிவம் கேளுங்கள், வீட்டுக்கு எடுத்துப்போய் இரண்டு நாள் வைத்துப் படியுங்கள், கையெழுத்தான பிரதி ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும்.

ஆய்வில் இருக்கும்போது ராத்திரி இரண்டு மணிக்கு இளைப்பு வந்தால்?

வழக்கம்போல அவசர இன்ஹேலரை இழுங்கள், அடங்கவில்லை என்றால் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி இருக்கிறதோ அங்கே போங்கள், இல்லையென்றால் 108ஐக் கூப்பிடுங்கள். ஆய்வு நடக்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று இல்லை. ஆய்வில் இருப்பதாக ஒரு அட்டை கொடுத்திருப்பார்கள், அதை அங்கே காட்டுங்கள், அதில் 24 மணி நேர போன் நம்பர் இருக்கும். உங்களுக்குப் போட்டது மருந்தா டம்மியா என்று தெரிந்தால்தான் வைத்தியம் பார்க்க முடியும் என்ற நிலை வந்தால் அந்த ரகசியத்தை உடனே உடைத்துச் சொல்ல ஏற்பாடு உண்டு. அட்டையைப் பர்ஸில் வையுங்கள், வீட்டில் இன்னொருவரிடமும் அதை போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.